தகடூரில் இன்று பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: தருமபுரிதான் பழைய தகடூர், அதியமானின் தலைநகரம் என்று 8ஆம் வகுப்பு படிக்கும் மகள் சொல்கிறாள், இணையத்தில் தேடினால் ஒகேனக்கல் அருவிதான் வருகிறது, அந்தத் தலைநகரத்தில் கோட்டை, அரண்மனை என்று ஏதாவது நிற்கிறதா, வயதான அம்மாவையும் அழைத்துக்கொண்டு கோவையிலிருந்து இரண்டு நாள் வந்தால் எதைப் பார்க்கலாம்? சுற்றுலா இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும், அதற்காக நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அதியமானின் ஊரை இன்றைக்குக் கண்ணால் பார்க்க முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். கல்வெட்டுப் படிக்க முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டவன். கோயில் கட்டடக்கலையில் எனக்கு அந்த அளவு பயிற்சி கிடையாது. ஆகவே கல்லில் எழுத்து இருக்கும் இடத்தில் உறுதியாகச் சொல்வேன், சிற்பத்தின் காலம் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன்.

முதலில் நேரடியான பதில். அதியமான் நெடுமான் அஞ்சி காலத்து அரண்மனையோ கோட்டைச் சுவரோ இன்று நிற்கவில்லை. மதுரை, தஞ்சாவூர் போல நினைத்துக்கொண்டு வந்தால் மகளின் முகம் வாடிவிடும், அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இது தகடூருக்கு மட்டும் வந்த குறை இல்லை. சங்க காலத்து அரசர்கள் மண்ணும் மரமும் செங்கலும் சுதையும் கொண்டே கட்டினார்கள். உறையூருக்குப் போனாலும் அந்தக் காலத்து அரண்மனை எதுவும் நிற்கப் பார்க்க முடியாது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டுக் குடைவரையில் பெருமையோடு எழுதிவைத்தது 7ஆம் நூற்றாண்டில். நெடுமான் அஞ்சி அதற்குப் பல நூறு ஆண்டு முந்தியவன். ஆகவே இங்கே ஒரு கற்கோயிலைக் காட்டி, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் கட்டியது என்று யாராவது சொன்னால் அது ஊர் நம்பிக்கை. மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், வரலாறாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

சரி, உறுதியாகத் தெரிந்தது என்ன? இரண்டு பக்கத்திலிருந்து சான்று இருக்கிறது. ஒன்று பாட்டு, இன்னொன்று கல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தன் எல்லைக்கு அப்பால் இருந்த தெற்கத்தி அரசுகளைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்து 'சதியபுதோ' என்று ஒரு பெயரையும் பாறையில் பொறித்தார். அது யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பை என்ற ஊரில் ஒரு குகைத்தளத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே வரி கிடைத்தது: 'சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. துறவிகள் தங்குவதற்கு அந்த இடத்தை அதியமான் கொடுத்தான் என்பது செய்தி. அவன் கோவலூரை வென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். பாட்டில் வரும் ஊருக்குப் பக்கத்திலேயே அவன் பெயர் கல்லிலும் கிடைத்துவிட்டது. சங்க காலத்துச் சிற்றரசர்களில் இவ்வளவு தெளிவான கல்வெட்டுச் சான்று கிடைத்தவர்கள் மிகச் சிலர். ஜம்பை உங்கள் பயணத் திட்டத்துக்குள் வராது, அது இன்னொரு திசை. ஆனாலும் இந்த ஒரு வரியை மகளுக்குச் சொல்லிவிட்டு ஊருக்குள் கூட்டி வாருங்கள்.

தகடூர் வீழ்ந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து இந்த ஊரை அழித்தான். 'தகடூர் எறிந்த' என்பது அவன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அடைமொழி. அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில் கிழார். அதே அரிசில் கிழார்தான், தகடூர்ப் போரில் விழுந்த, அதியமான் குடியைச் சேர்ந்த எழினிக்காக அழுதும் ஒரு பாட்டு பாடியிருக்கிறார், அது புறநானூற்றில் இருக்கிறது. வென்றவனையும் புகழ்ந்து, தோற்றவனுக்காகவும் கலங்கிய ஒரே வாய். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் பேசாமல் கேட்பார்கள்.

இனி ஊருக்குள் வருவோம். என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் தருமபுரி அகழ்வைப்பகம். கோயிலுக்கு முன்னால் அங்கே போங்கள். மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்த நடுகற்களை அங்கே வைத்திருக்கிறார்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே கால் வைப்பதே இல்லை, எனக்கு அதில் நிரம்ப வருத்தம் உண்டு. தமிழ்நாட்டில் நடுகற்கள் நெருக்கமாகக் கிடைக்கும் நிலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, அதை ஒட்டிய செங்கம் பகுதிதான். இது மாட்டு மந்தைகளின் நாடு. மந்தையைக் கவர வருவதும், மறித்து மீட்பதும், அதில் சாவதும் அன்றைய வாழ்க்கை. அப்படிச் செத்த சாதாரண மனிதனுக்கு ஊர் எடுத்த கல் இது. வில்லும் வாளுமாக நிற்பவன், உடம்பில் தைத்த அம்புகளோடு நிற்பவன், புலியோடு மல்லுக்கு நிற்பவன் என்று ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். சில கற்களில் மேலே தேவமகளிர் அவனைச் சொர்க்கத்துக்கு அழைத்துப்போவார்கள்.

எழுத்துள்ள கல்லாக இருந்தால் வாசகம் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் இருக்கும். இன்ன அரசனுக்கு இன்ன ஆண்டு, இன்ன ஊர்த் தொறுவை இன்னார் கொண்டபோது, மீட்டுப் பட்டான் இன்னாருடைய மகன் இன்னான், அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்து இருக்கும், மகளால் படிக்க முடியாது. அதனால் என்ன, ஒவ்வொரு கல்லிலும் அரசன் பெயர் முதலில் வந்தாலும் கல் அவனுக்காக நடப்படவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், சோழர் என்று அரச வம்சங்கள் மாறிக்கொண்டே போனாலும், மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நடும் வழக்கம் மாறவே இல்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 232ஆவதாக இருக்கிறது. மலை சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இப்போது நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி ஒரு சிறு கலத்தில் கள்ளை வார்த்தால் அதை ஏற்றுக்கொள்வானா என்று கேட்கிறார். அந்த நடுகல் எங்கே என்று தெரியாது. ஆனால் அந்த வழக்கம் எப்படிப்பட்டது என்று கையால் தொடும் தூரத்தில் பார்க்கலாம். தலைநகரத்தின் மிச்சம் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். கிளம்புவதற்கு முன் வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இடங்களுக்கு ஞாயிறுதான் விடுமுறை என்று நினைத்துக்கொண்டு வேறு நாளில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் உண்டு.

அடுத்து கோட்டைக் கோயில். ஊருக்குள் 'கோட்டை' என்று சொல்லும் பகுதியில் மல்லிகார்ச்சுனர், காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே பெருமாள் கோயிலும் இருக்கிறது. கோட்டை என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. மல்லிகார்ச்சுனர் கோயிலை நுளம்பர் காலத்தது என்று சொல்கிறார்கள், நடை உடை எல்லாம் அதற்குப் பொருந்தித்தான் இருக்கிறது. நுளம்பர்கள் இன்றைய ஆந்திரத்து ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகேந்திர நுளம்பன் காலத்துக் கல்வெட்டுகள் தருமபுரியிலேயே கிடைத்திருக்கின்றன, அப்போது இங்கே சமணப் பள்ளி ஒன்று இருந்ததும் அவற்றால் தெரிகிறது. இந்த ஊர் வெறும் சைவ, வைணவ ஊராக மட்டும் இருந்ததில்லை என்பதைக் கோயிலில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எல்லோரும் காட்டுவது தொங்கும் தூண்களை. மண்டபத்தில் இரண்டு தூண்கள் தரையைத் தொடாமல் நிற்கும், அடியில் துணியையோ காகிதத்தையோ விட்டு மறுபக்கம் இழுத்துக் காட்டுவார்கள். மகளுக்குப் பிடிக்கும், பார்க்கட்டும். சிற்பியின் அதிசயத் திறமை என்று ஒரு சாரார், தளம் காலப்போக்கில் இறங்கிவிட்டது என்று இன்னொரு சாரார். கூரையின் சுமையை உத்திரங்கள் வழியே மற்ற தூண்கள் தாங்கிக்கொள்வதால் இந்தத் தூண்கள் தொங்க முடிகிறது என்ற அளவில் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும். வேண்டுமென்றே செய்ததா என்பதில் நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. என் கண்ணுக்கு இந்தத் தூணைவிடப் பெரிய செல்வம் அம்மன் சன்னதியின் அடித்தளத்தில் இருக்கிறது. கையகலச் சிறு சிற்பங்களாக இராமாயணக் கதை சுற்றி வருகிறது. குனிந்து, உட்கார்ந்து, மெதுவாக நகர்ந்து பார்த்தால்தான் தெரியும். நின்றபடி நடந்துபோனால் வெறும் அலங்காரப் பட்டை என்றே தோன்றும். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது. உச்சி வெயிலில் நிழல் இல்லாததால் உருவங்கள் தட்டையாகிவிடும். அம்மன் சன்னதிக்குப் படியேற வேண்டும், அம்மாவை மெதுவாக அழைத்துப்போங்கள்.

அப்புறம் அதியமான்கோட்டை. தருமபுரிக்குச் சற்றுத் தெற்கே, சேலம் சாலையை ஒட்டிய ஊர். சேலம் வழியாக நீங்கள் வரும்போது தொப்பூர் தாண்டியதும் தருமபுரிக்கு முன்னாலேயே வந்துவிடும், ஆகவே வரும் வழியிலேயே பார்த்துவிடுவது சுலபம். பெயரைக் கேட்டு இதுதான் கோட்டை என்று பலரும் வருகிறார்கள். சங்க காலத்துக் கோட்டை என்று காட்ட அங்கே எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது சென்றாயப் பெருமாள் கோயிலின் ஓவியங்கள். மண்டபத்து விதானத்தில் இராமாயண, மகாபாரதக் காட்சிகளைத் தீட்டியிருக்கிறார்கள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோயில் இது. ஓவியங்களின் காலம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. சில இடங்களில் வண்ணம் மங்கிவிட்டது. உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகச் சில நிமிடம் ஆகும். கேமராவின் பளீர் ஒளியை மட்டும் அடிக்காதீர்கள், சுவரையும் தூணையும் தொட வேண்டாம். கதவு பூட்டியிருந்தால் அர்ச்சகரை விசாரித்துக் கொஞ்சம் காத்திருங்கள், அந்தக் காத்திருப்பு வீண்போகாது.

அதே ஊரில் தட்சிணகாசி காலபைரவர் கோயில் இருக்கிறது. அதியமான் போருக்குப் போகும்முன் வாளைப் பைரவர் காலடியில் வைத்து வணங்கிப் போனான் என்பது ஊர்க்கதை. மேலே சொன்ன காரணத்தால் இதைக் கதை என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் ஒரு சிறு திருத்தம் சேர்க்க வேண்டும். அதியமான் என்ற பெயர் சங்க காலத்தோடு முடிந்துபோகவில்லை. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான் தகடூரில் இருந்து ஆண்டிருக்கிறான். தான் எழினியின் வழிவந்தவன் என்று போளூர் அருகே உள்ள திருமலைக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி, ஆனாலும் அதே பெயர், அதே ஊர். ஊர்க்கதைகளில் முந்திய அதியமானும் பிந்திய அதியமானும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்பது என் ஊகம். அம்மாவுக்குத் தரிசனம் முக்கியம் என்றால் கண்டிப்பாகப் போங்கள். பூசணிக்காயில் விளக்கேற்றும் வேண்டுதல் இங்கே பிரபலம். தேய்பிறை அட்டமி அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் வயதானவர்கள் நிற்க முடியாது.

அதியமான்கோட்டையில் அதியமானுக்கும் ஔவைக்கும் அரசு எடுத்த நினைவுக் கோட்டமும் இருக்கிறது. நம் காலத்துக் கட்டடம், சீக்கிரம் பார்த்துவிடலாம். அங்கே மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். கூன் விழுந்து கோலூன்றிய பாட்டியாக நாம் ஔவையைச் சிலை வைக்கிறோம். ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு கழித்து வந்த வேறொருவர். அதியமானின் ஔவை தன்னை மைதீட்டிய கண்களோடு கூடிய, ஆடிப் பாடும் விறலியாகத்தான் பாட்டில் காட்டுகிறார். தூதாகத் தொண்டைமானிடம் போய், உன் படைக்கலங்கள் நெய் பூசி, பீலி சூட்டி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு வந்த துணிச்சல்காரி. வழியெங்கும் கரும்புத் தோட்டம் தெரிந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்றும் அதே ஔவை பாடியிருக்கிறார்.

இவை எல்லாம் முதல் நாளுக்குள் முடியும். காலையில் அதியமான்கோட்டை, மதியத்துக்கு முன் அகழ்வைப்பகம், சாயங்காலம் கோட்டைக் கோயில் என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. கோயில் மதியம் சாத்தியிருக்கும் என்பதால் இந்த வரிசை. சிற்பங்களைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்றால் இரவு தங்கி மறுநாள் காலை வெயிலில் கோட்டைக் கோயிலுக்குப் போங்கள்.

இரண்டாம் நாளுக்கு ஒகேனக்கல் போதும். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். அதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் ஒன்றுதான் சொல்வேன். கர்நாடகத்தில் அணை நிரம்பித் தண்ணீர் திறந்தால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள், சில சமயம் அருவிப் பக்கமே விடமாட்டார்கள். ஆடி, ஆவணி மாதங்களில் வருவதாக இருந்தால் கிளம்பும் அன்று காலைச் செய்தியில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவின் நீர்வரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அருவி மூடியிருந்தால் அரூர்ப் பக்கம் தீர்த்தமலை இருக்கிறது. பாறை மேலிருந்து தீர்த்தம் விழும் இடம், அருணகிரிநாதர் பாடிய தலம். மலை ஏற வேண்டும், அம்மாவின் முழங்காலைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். மகளுக்குப் பழங்காலத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் இன்னொரு பயணத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லசந்திரத்துக் கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் எடுத்த பழங்கால ஈமச் சின்னங்களை, காட்டுங்கள். அந்த மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். தகடூர் அரசுக்கு அடியில் எவ்வளவு பழைய வாழ்க்கை கிடக்கிறது என்று அதைக் கொண்டு யோசிக்கலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், கேட்டால் கேழ்வரகுக் களி கிடைக்கும் இடம் இன்னும் சில இருக்கிறது. திரும்பும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதும் விபத்துகள் அங்கே அடிக்கடி நடக்கின்றன, ஆகவே இருட்டுமுன் கடந்துவிடப் பாருங்கள், சரக்கு லாரிக்கு முன்னால் மெதுவாகப் போகாதீர்கள்.

பென்னாகரம் சாலையிலோ அரூர்ச் சாலையிலோ வயலோரம், புளியமரத்தடியில் மஞ்சள் பூசி மாலை போட்ட கல் எதையாவது மகள் காட்டினால் வண்டியை நிறுத்துங்கள். பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், இன்றைக்கும் பொங்கல் வைத்துப் படைக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் யார் இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். எழுத்து தெரிந்தால் சுண்ணாம்பு, மாவு எதையும் தடவ வேண்டாம், அது கல்லைக் கெடுக்கும். காலையிலோ சாயங்காலமோ ஒரு பக்கமாக வெளிச்சம் விழும்போது எடுத்த படமே படிக்கப் போதுமானது. அந்தப் படத்தையும் ஊர்ப் பெயரையும் இங்கேயே பதிவிடுங்கள். என்னால் முடிந்த அளவு படித்துச் சொல்கிறேன். இதுவரை யாரும் பதியாத கல்லாக இருந்தால் தொல்லியல் துறைக்கும் எழுதலாம்.